பாட்டு ஓடாத இயர்பட்ஸ்

சேலம் சூரமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் நின்றபடி அந்த வெள்ளை இயர்பட்ஸை என் காதில் மாட்டிப் பார்த்த நொடி இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. எதிரே டவுன் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் தன் போனில் எதையோ தொட்டார். அவ்வளவுதான், யாரோ கதவைச் சாத்தியதுபோல எல்லாம் தள்ளிப் போய்விட்டது. பஸ் கண்டக்டர் வாயைத் திறந்து ஆட்களைக் கூப்பிடுவது தெரிந்தது, குரல் மட்டும் வரவில்லை. நான் ஒரு காதிலிருந்து கழற்றிவிட்டு, "ரிக்கு வண்டிக்குப் பக்கத்துல நின்னாலும் இப்படித்தான் இருக்குங்களா?" என்று கேட்டேன். "ஏரோப்ளேன் சத்தமே கேக்காதுங்கக்கா. வெளம்பரம் பாக்கலீங்களா?" என்றார் அவர். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் எருமப்பட்டியிலிருந்து சேலம் வரைக்கும் வந்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் நாடு முழுக்கப் போகும். போனால் மழைக்காலத்தில்தான் திரும்பும். கல்யாணமான புதிதில் எனக்கு அவருடைய முகத்தைவிட அவருடைய குரல்தான் அதிகம் பழக்கம். அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் ரிக்கின் காற்றழுத்த இயந்திரம், கம்ப்ரசர், இரைந்துகொண்டிருக்கும். பேசுவதற்காக வண்டியை விட்டு விலகிக் காட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். எவ்வளவு நடந்தாலும் அந்த இரைச்சல் அவர் பின்னாலேயே வரும். ஆனாலும் நான் சொல்வது ஒன்றுவிடாமல் அவருக்குக் கேட்டது. கோழித்தீவன ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததை, பாப்பா வயிற்றில் புரண்டதை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதை எல்லாம் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் கேட்டுக்கொண்டார். போட்டோ அனுப்பினால் தலைமுதல் கால்வரை கல்மாவு படிந்து வெள்ளையாக நிற்பார். அதில் பல்லும் கண்ணும் மட்டும்தான் அவருடையவை என்று தெரியும்.

பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவள் போனில் ஏதாவது கேட்பாள், அவர் வேறு எதற்கோ பதில் சொல்வார். "அப்பா, எனக்கு டான்ஸ்ல பேர் குடுத்திருக்கறாங்க" என்பாள். "சாப்டேன் சாமி, நீ சாப்டியா?" என்பார். முதலில் அவள் சிரித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விட ஆரம்பித்தாள். ஒரு குழந்தை தன் அப்பாவிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் கம்ப்ரசர் சத்தத்தால் என்றுதான் நான் நினைத்தேன். சத்தத்தை அடைத்துவிட்டால் அவள் குரல் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினேன். அப்படித்தான் அந்த வெள்ளைப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த வருஷம் மழைக்கு அவர் வந்திருந்தபோது அதை அவர் காதில் மாட்டிவிட்டு மிக்சியை ஓடவிட்டேன். கண்ணை அகல விரித்தார். பாப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இனி நீ பேசறது பூராவும் எனக்குத்தான்" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார். ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பெருமை நிலைக்கவில்லை. கம்ப்ரசர் இரைச்சலை அது பாதிதான் அடைத்தது. அவர் பேசும்போது அந்த இரைச்சலையும் சேர்த்து வாங்கி எங்களுக்கு அனுப்பியது. வேர்வையில் வழுக்கிச் சேற்றில் விழுந்தது. வேலை நடக்கும் இடத்தில் காதை அடைத்துக்கொண்டு நிற்பது ஆபத்து என்று மேனேஜர் வேறு திட்டினார். கடைசியில் வேலை முடிந்து வண்டியின் கேபினில் படுத்திருக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் அங்கிருந்து கூப்பிட்டார். "கண்ணு, இது ரிப்பேர் போல இருக்குது. பாட்டு ஒண்ணும் போடாம சும்மா மாட்டியிருக்கறேன். உள்ள ஞொய்ங்னு ஒரு சத்தம் ஓடிட்டே இருக்குது."

"கழட்டிப் பாருங்க. கழட்டுனா நின்னுபோகுதுங்களா?" என்றேன்.

அவர் கழற்றுவது கரகரவெனக் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "கழட்டுனாலும் கேக்குது."

வெளிச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவருக்குள் இருந்த சத்தம் அவருக்கே தெரிந்தது. எத்தனை வருஷமாக அது அங்கே ஓடிக்கொண்டிருந்ததோ. அடுத்த முறை வந்தபோது சேலத்தில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும், பெண்கள் குரல், குழந்தைகள் குரல் என்றார் டாக்டர். இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் ரிக்கை விட்டுவிட வேண்டும், காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ரிக்கை விட்டார். மெஷினுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கெழவனாட்டம் அத மாட்டிக்கிட்டு நான் எப்படி ஊருக்குள்ள போறது?" என்றார்.

வெங்காயக் காட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கத் தொடங்கினார். எங்கே போனாலும் அந்த இயர்பட்ஸ் காதில் இருக்கும். மனசுக்கு ஆறுதலாகப் பாட்டுக் கேட்கிறார் என்றே நினைத்தேன். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போயிருந்தார். அவருடைய போன் கட்டிலிலேயே கிடந்தது. பக்கத்தில் அந்த வெள்ளைப் பெட்டி, சார்ஜ் இல்லாமல் செத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காதில் இயர்பட்ஸோடு, இல்லாத பாட்டுக்குத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். யாராவது கூப்பிட்டு இவர் திரும்பாவிட்டால், பாட்டுக் கேட்கிறான் என்று போய்விடுவார்கள். காது கேட்காதவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அதை மாட்டிக்கொண்டுதானே திரிகிறார்கள். எந்த விளம்பரத்திலும் சொல்லாத ஒரு வேலையை அது அவருக்குச் செய்துகொண்டிருந்தது. நான் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரருடைய தாய்மாமா, நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து பல மாதம் படுக்கையில் கிடந்தவர், முதன்முறையாக வெளியில் வந்திருந்தார். சின்ன வயதில் தகப்பனை இழந்த இவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். மண்டபத்தில் இவரைப் பார்த்ததும் கம்பை ஊன்றி எழுந்து, "மாப்ளே... மாப்ளே..." என்று பலவீனமான குரலில் கூப்பிட்டார். இவர் மேடையைப் பார்த்தபடி நின்றார். பெரியவர் இன்னும் கிட்டே வந்து கூப்பிட்டார். இவர் அசையவில்லை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என்னிடம் திரும்பினார். "காதுல பாட்ட மாட்டிக்கிட்டு மாமனத் தெரியாதவனாட்டம் நிக்கறான் பாரு சாமி. நான் செத்திருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்பானாட்டம் இருக்குது" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால் இவர் இத்தனை நாள் மூடி வைத்ததை நான் சபையில் திறந்தவளாவேன். சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்ற பேர் இவருக்கு. நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பாப்பா ஓடிப்போய் இவர் கையைப் பிடித்து இழுத்தாள். இவர் திரும்பினார். மாமாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது. இரண்டு காதிலிருந்தும் கழற்றி மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல பாட்டே ஓடலீங்க மாமா. எனக்குக் காது கேக்கறதில்லீங்க."

தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது. மண்டபமே கேட்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். மாமா கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, இவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதோடு வாயை வைத்தார். "இப்பக் கேக்குதா மாப்ளே?"

"கேக்குதுங்க மாமா."

அடுத்த வாரமே மெஷின் வாங்கிவிட்டோம். பழகுவதற்குச் சிரமப்பட்டார். தட்டு வைத்தால் இடி விழுந்ததுபோல் இருக்கிறது, பேச்சு மட்டும் உடைந்து உடைந்துதான் வருகிறது என்பார். பாப்பா அவர் எதிரில் உட்கார்ந்து, வாயைப் பெரிதாக அசைத்துப் பேசப் பழகிவிட்டாள். இப்போது அவர்களுக்குள் ரகசியங்கள்கூட இருக்கின்றன.

எனக்குத்தான் ஏதோ குறைகிறது. உப்புப் போதுமா என்பதையும், கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார் என்பதையும் கத்திச் சொல்லலாம். கத்திச் சொல்ல முடியாத பேச்சு ஒன்று இருக்கிறதே, புருஷன் பெண்டாட்டிக்குள், ஒன்றுக்கும் உதவாத பேச்சு, அதை எப்படிச் சொல்வது? வருஷம் முழுக்க எங்கோ இருந்தபோது இருந்த மனிதர், பக்கத்துக் கட்டிலில் இருக்கும்போது இல்லாமல் போய்விட்டார். மெதுவாகச் சொன்னால், "என்ன? சத்தமாச் சொல்லு" என்கிறார். அதற்குள் சொல்ல வந்தது வாடிவிடுகிறது. "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்துவிடுவேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அந்த இயர்பட்ஸுக்குச் சார்ஜ் ஏற்றி, அவர் போனில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்து, அவர் கையில் கொடுத்து, மெஷினைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளச் சொன்னேன். என் போனை எடுத்துக்கொண்டு, காட்டோரம் வெங்காயம் போட்டு வைத்திருக்கும் பட்டறைக் கொட்டகை வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்து கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றேன், மெதுவாகத்தான்.

"நல்லாக் கேக்குது கண்ணு. காதுக்குள்ளயே உக்காந்து பேசறாப்பல இருக்குது. எங்கிருக்கற?"

"இங்கதானுங்க." வீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீங்க வடக்க இருந்தப்பகூட இப்படி இல்லீங்க. ஊட்டுக்கு வந்த பொறவுதான் உங்க நெனப்பு ரொம்ப வருது."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அங்கயே நில்லு, வாரேன்" என்றார்.

வீட்டுக் கதவு திறந்தது. வரப்பில் நடந்தபடியே பேசிக்கொண்டு வந்தார். என்ன சொன்னார் என்பது எங்களோடு இருக்கட்டும். அவர் குரல் போனில் ஒரு முறையும் காற்றில் ஒரு முறையுமாக வந்தது. கிட்டே வர வர இரண்டும் ஒன்றாகிக்கொண்டே வந்தன. அவர் எனக்கு முன்னால் வந்து நின்ற பிறகும் நான் போனை வைக்கவில்லை.