ஒரு கால் கூடிய பெயர்

அடைக்கலம் என்ற பெயரோடு குழாய் வேலைக்குப் போனால் சும்மா விடுவார்களா? "அடைப்பு வந்தாச்சு, இனி அடைப்பு எடுத்துடலாம்" என்று போகிற இடமெல்லாம் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் 'அடகு' என்று கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கு வயதில் சொந்தமாகக் கடை பிடித்தபோது அவன் தீர்மானித்துவிட்டான்: பலகையில் இந்தப் பெயர் ஏறக் கூடாது. சட்டப்படி மாற்றிவிட வேண்டும்.

அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. அது அக்கா வீட்டு பீரோவில் இருந்தது. எடுத்துக் கொடுக்க வந்த அக்கா, விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு தெரியுமாடா உனக்கு?"

"ஏதோ சாமி பேரு. வேற என்ன?"

"மண்ணாங்கட்டி. அம்மா சொல்ல ஆரம்பிச்சாலே நீதான் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவியே!"

அவன் பிறந்த அன்று அக்காவுக்கு ஒன்பது வயது. ஆற்று வெள்ளம் தெருவுக்குள் புகுந்திருந்தது. நிறைமாத அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மேட்டுத் தெருவில் வீடு வீடாகத் தட்டினார் அப்பா. ஜன்னல்கள் திறந்தன, கதவுகள் திறக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு பிரார்த்தனைக் கூடம். வேறு மதத்தாருடையது. அப்பா வாசலில் தயங்கி நின்றார். காவலாளி ஓடிவந்தார்.

"உள்ளே வாங்கய்யா. வலியில துடிக்கிறவங்ககிட்ட யாரு, என்னன்னா விசாரிப்பாங்க?"

அந்தக் கூடத்துச் சமையலறையில்தான் தம்பி பிறந்தான். பிள்ளைக்குக் காவலாளியின் பெயரையே வைக்க அப்பா ஆசைப்பட்டார். "கதவைத் திறந்தது நான். வீடு என்னுதில்லையே" என்று அவர் மறுத்துவிட்டார்.

"அப்புறம் அம்மாதான் யோசிச்சா" என்றாள் அக்கா. "அடைக்கலம்னா போக்கிடம் இல்லாதவங்களுக்குக் கிடைக்கிற இடம். நாம கும்பிடும்போது 'நீயே அடைக்கலம்'னு பாடுவோம்ல? அங்க படுத்திருந்த பத்து நாளும் அவங்க பாட்டுலயும் அதே வார்த்தையைக் கேட்டிருக்கா. ரெண்டு சாமிக்கும் பொதுவா இருக்கட்டும்னு வச்சா."

அவன் மடங்கிக் கிடந்த சான்றிதழை மெல்லப் பிரித்தான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அடைக்கலாம்' என்று இருந்தது. யாரோ கை தவறி ஒரு கால் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "திறந்த கதவை எழுத்துல அடைச்சிட்டாங்களேடா!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவன் கண்ணில் நீர் நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தர் கேட்டார்: "என்ன பேரா மாத்தணும்?"

"மாத்த வேண்டாம் சார். ஒரு காலை எடுத்துட்டா போதும்."

அந்த வாரமே பிரார்த்தனைக் கூடத்தைத் தேடிப் போனான். காவலாளிக்கு முதுகு கூனியிருந்தது. ஆனால் ஞாபகம் தெளிவாக இருந்தது.

"வெள்ளத்தன்னைக்குப் பொறந்தவனா நீ? அழுது ஊரையே கூட்டினியேப்பா! என்ன பேரு வச்சாங்க கடைசியில?"

அவன் முழுப் பெயரையும் நிறுத்திச் சொன்னான். பெரியவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. சரி, என்ன வேலை பாக்குறே?"

"குழாய் வேலைங்க."

"அடடா! சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது. கொஞ்சம் பாரேன்."

வண்டியிலிருந்து பையை எடுத்துவந்து, தான் பிறந்த தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். பெரியவர் பக்கத்திலேயே நின்று, அந்தப் பத்து நாள் கதையை, அக்கா விட்ட இடமெல்லாம் நிரப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கிளம்ப மத்தியானமாகிவிட்டது.