லூர்தம்மாள் அரைத்த ஓட்ஸ்

சுங்குவார்சத்திரம் மாவு மில்லில் மெஷின் ஓட்டும் லூர்தம்மாளிடம் யாருடைய ஜம்பமும் பலிக்காது. வரிசை தாண்டி எவளாவது அரிசியைக் கொட்ட வந்தால் கையைத் தட்டிவிடுவாள். இருப்பது ஒரே மெஷின். மிளகாய் அரைத்தபின் இரண்டு பிடி அரிசியை ஓட்டிக் காரம் போக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

புருஷன் போனபிறகு அவளுக்கென்று இருந்தது மகள் லிசா மட்டும்தான். வயது ஒன்பது, பார்த்தால் ஆறு என்பார்கள். எதைத் தின்றாலும் வயிற்றுப்போக்கு. சென்னை டாக்டர்தான் கண்டுபிடித்தார்: சீலியாக் நோய், கோதுமை சேர்ந்தாலே குடல் புண்ணாகிவிடும். அதோடு வீட்டில் கோதுமையும் ரவையும் நின்றன. ஒரு வருடத்தில் பிள்ளை கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் பள்ளியில் மற்றதுகள் சப்பாத்தி தின்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியது.

தொண்ணூற்றொன்று ஜூலையில், சென்னையில் வீட்டு வேலை செய்யும் அக்கா சவரியம்மாள் ஒரு பெரிய டின் ஓட்ஸ் கொண்டுவந்தாள். கோதுமையில்லாமல் ரொட்டி சுடலாமே என்று லூர்தம்மாள் டின்னோடு டாக்டரிடம் போய் நின்றாள்.

"கோதுமை கலக்காத ஓட்ஸ் சிலருக்கு ஒத்துக்கலாம்மா. டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் முடிவாகல. இப்போதைக்கு வேணாம்" என்றார் அவர்.

வேண்டாம் என்றது எங்கே காதில் ஏறியது! கலக்காமல் அரைக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு பிடி அரிசியை ஓட்டினாள், மாவு வெள்ளையாக விழுந்ததும் ஓட்ஸைக் கொட்டினாள். மிச்சம் ஒட்டியது மிளகாய் என்றால் நாக்கு காட்டிக்கொடுத்திருக்கும், கோதுமையைக் காட்டிக்கொடுக்காது. மெஷின் வாயில் கட்டிய துணிக்குழாயின் மடிப்பெல்லாம் ரேஷன் கோதுமை மாவு அப்பிக் கிடந்தது. அதை உதறுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"சப்பாத்தி மாரியே கீதும்மா!" என்று லிசா நாலு ரொட்டி தின்றாள். மாவு தீரத் தீர லூர்தம்மாள் அதே மெஷினில் அரைத்துத் தினமும் சுட்டுக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு திரும்ப வந்தது. தண்ணீர் சேரவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தாள். தெம்புக்கென்று ரொட்டியையும் கொடுத்தாள், பாவி. பிள்ளையால் எழுந்து நிற்க முடியாமல் போனபிறகுதான் அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாள்.

டாக்டர் திட்டவில்லை. எங்கே அரைத்தாய் என்று மட்டும் கேட்டார். சொல்லச் சொல்ல அவளுக்கே துணிக்குழாய் நினைவுக்கு வந்தது.

"அப்போ ஓட்ஸு பண்ணுச்சா, கோதுமை பண்ணுச்சா சார்?"

"இனிமே அதைச் சொல்ல முடியாதும்மா. கோதுமை ஒண்ணே போதும்."

மறுநாள் காலை லிசா மெல்லக் கூப்பிட்டாள். "எம்மா, அந்த ரொட்டி ஒண்ணே ஒண்ணு சுட்டுக்கினு வாயேன்."

"அந்தப் பேச்ச எடுத்தின்னா பாரு! விஷம்டி அது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. லிசா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஓட்ஸ்தான் கொன்றது என்று ஊர் பேசியது. லூர்தம்மாள் மறுக்கவில்லை. கோதுமையா ஓட்ஸா என்ற கேள்வியே அவளை விட்டுப் போயிருந்தது. மகளிடம் அவள் கடைசியாகப் பேசியது அந்த அதட்டல்தான்.