வீக்கம் வடிந்த கால்

என் உடம்பில் இருக்கிற காவல்காரர்களுக்குப் புத்தி கிடையாது. என் விரல் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருப்பார்கள். முடக்குவாதம் என்று அதற்குப் பேர். காலையில் தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. அந்தச் சண்டையை அடக்க டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரை சமையலறை அலமாரியில் இருக்கும். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்.

மரக்காணத்தில் உப்பு விளைவிப்பதற்கு முன் பாத்தியை மிதிக்க வேண்டும். ஈரக் களிமண்ணை வெறுங்காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்பில் மண் ஏறாது. பூட்ஸ் போட்டால் எங்கே இளகியிருக்கிறதென்று குதிகாலுக்குத் தெரியாது என்பார் இவர். அப்படி மிதிக்கும்போது கிளிஞ்சல் அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஆற்றிவிடும் என்பதுதான் எங்கள் ஊர் வைத்தியம். வேலையை விடாமல் செய்தார். மறுநாள் பாதம் பன் மாதிரி வீங்கிவிட்டது. வீக்கத்தோடு மிதிக்க முடியாதே! என் மாத்திரையைத் தினமும் எடுத்துப் போட்டதில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது. உப்பு ஆற்றிவிட்டது என்று என்னிடமே பெருமை வேறு. பாவி மனுஷன்.

சில நாளில் அவருக்குக் குளிர்ஜுரம் வந்து பல் கிட்டியபோதுதான் காலைப் பார்த்தேன். விரல் இடுக்கு கறுத்து நாற்றம் அடித்தது. ஆட்டோ பிடித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

என் மகள் வயசு டாக்டர். என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டாள். என் மாத்திரையை எடுத்துப் போட்டதை அப்போதுதான் இவர் சொன்னார். அவள் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னாள். காயம் பட்ட இடத்துச் செல்கள் சில ரசாயனங்களைச் சுரந்து ஆள் கூப்பிடும். ரத்தக்குழாய் விரிந்து கசியும். வெள்ளணுக்கள் அதன் வழியே இறங்கி வந்து கிருமியை விழுங்கும். அவையும் சேர்ந்து இன்னும் ஆள் கூப்பிடும். சூடு, சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அவை வந்ததற்கு அடையாளம்.

"உங்க வீட்டம்மாவுக்கு அதுங்க வீணா வருதுங்க. உங்களுக்கு வந்தே ஆகணும். நீங்க கூப்புடுற வாயைப் பொத்திட்டீங்க."

அவர் போட்டுவந்த என் மாத்திரையை நிறுத்தினார்கள். செத்த சதையை வெட்டி, கிருமிக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் முன்பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பாதம் போனவர் பாத்தியில் எப்படி நிற்பார்? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் என் மாத்திரையை நான் போட்டுத்தான் ஆக வேண்டும். அதை விழுங்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது.

அதுவரை கட்டு மாற்றும்போது வலியே தெரியாமல் அடுத்தவர் காலைப் போலப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் மனுஷன். ஒருநாள் காலையில் டாக்டர் புண்ணின் ஓரத்தை அழுத்தியதும் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பாதம் சிவந்து உப்பியிருந்தது. கூப்பிட்ட ஆள் வந்துவிட்டது, கால் தப்பித்துவிடும் என்றாள் டாக்டர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான் வலியில சாவுறேன், நீ இன்னா சிரிக்கிற?" என்றார்.

"நல்லா வலிக்கட்டும்" என்று சொல்லிக் காலைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.