பிசிறு தெரியாத விரல்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கொளஞ்சிக்கு வயசென்ன, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் எதையெல்லாம் சாப்பிட மாட்டார் என்று கேட்டால் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்கூட மூச்சு விடாமல் ஒப்பிப்பார். சோறு, இட்லி கிடையாது. கறி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், மோர் எதுவும் ஆகாது. மத்தியானம் தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழும் ஏதாவது ஒரு கீரையும் வரும். எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரசூல் பாய் அந்தத் தூக்குவாளியைக் கண்டாலே, "கொளஞ்சிண்ணனுக்கு மேய்ச்சல் வந்துடுச்சு, வழி விடுங்கப்பா" என்பார்.

கொளஞ்சி சிரிக்க மாட்டார். பால் விடாத, சர்க்கரை போடாத டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பேசு பாய், பேசு. எங்கண்ணனும் இப்பிடித்தான் சிரிச்சிக்கினு திரிஞ்சாரு" என்பார்.

அண்ணன் பாண்டியன் களிமண் லோடு லாரி ஓட்டியவர். வேப்பூரில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினால், புரோட்டா மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்ததும் கல்லில் நாலு சேர்த்துப் போடுவார். பெண்ணாடம் பக்கம் போனால் கரும்புச்சாறு, வழியெல்லாம் டீ, டீயில் அள்ளிக் கொட்டிய சர்க்கரை. சுகர் என்று தெரிந்த பிறகும் அந்த மனுஷன் மாத்திரையை லாரி டேஷ்போர்டிலேயே வைத்திருந்தார், வாயில் போடவில்லை. காலில் ஒரு கொப்புளம் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மறு வருஷம் மிச்சமும் போய்ச் சேர்ந்தது.

காரியம் முடிந்த கையோடு கொளஞ்சி போய்த் தன் ரத்தத்தைப் பார்த்தார். அவருக்கும் சுகர் இருந்தது. அன்றைக்கு விட ஆரம்பித்தவர்தான். அரிசியைக் குறை என்று சொன்னால் அரிசியையே விட்டார். கொழுப்பைக் குறை என்றால் முட்டையிலிருந்து மோர் வரைக்கும் விட்டார். மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. எங்கே சுகர் முகாம் போட்டாலும் அவர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "இவரப் பாத்துக் கத்துக்குங்க" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அவர் வேலையும் அப்படித் துளி பிசகக் கூடாத வேலை. கரைத்த மண்ணை இரண்டு பாதியாகச் சேரும் அச்சில் ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் பிரித்தால் கப்பு வரும். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதுதான் பிசிறு. அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும், பளபளப்புக்குக் கிளேஸ் பூசிச் சூளையில் வெந்து வெளியே வரும்போது தழும்பு மாதிரி எழுந்து நிற்கும். சூளைக்குப் போகும் முன்னால் அதைக் கண்டுபிடிக்க விரல்தான் ஒரே வழி. கொளஞ்சி கட்டை விரலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்த கப்பை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

போன வருஷம் தை மாதத்தில் அந்தக் கட்டை விரல் மரத்துப்போனது.

முதலில் பனி என்று நினைத்தார். மாசி போய்ப் பங்குனி வெயில் வந்தும் விரல்களுக்கு உறை மாட்டியது போலவே இருந்தது. சொன்னவர்களிடமெல்லாம் ஒரே பதில் கிடைத்தது.

"சுகருண்ணே. எங்க மாமாவுக்கும் அப்பிடித்தான்."

"சுகரு எனக்கு நார்மலா இருக்குது."

"உள்ளாற இருக்கும்ணே. மிஷின்ல தெரியாது."

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் தலையைத் தூக்காமல், "சுகர் நரம்பைப் பிடிக்கும், கன்ட்ரோலா இருங்க" என்றார். இன்னும் எதைக் கன்ட்ரோல் பண்ணுவது என்று கொளஞ்சிக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்து, எப்போதாவது தின்ற வாழைப்பழத்தையும் வேர்க்கடலையையும் விட்டார். விரல் இன்னும் மோசமானது. நாக்கு வழவழவென்று சிவந்து எரிந்தது. மனைவி அனுசியா குழம்பில் மிளகாயைக் குறைத்தாள், அப்போதும் எரிந்தது. மாடிப்படி இரண்டு ஏறினால் மூச்சு வாங்கியது.

சூளையிலிருந்து அவர் பிசிறெடுத்த ஒரு தட்டு கப்பு முழுக்கத் தழும்போடு வந்தது. சூப்பர்வைசர் தமிழ்மணி, அவரிடமே வேலை பழகியவள், ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மறுவாரம் இன்னொரு தட்டு அதே மாதிரி வந்தது.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு பேக்கிங்ல இருங்க."

"கத்தி மழுங்கிப் போச்சும்மா. வேற கத்தி குடு, பாரு."

"கத்தி போன வாரந்தான்ணே மாத்துனேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

தழும்புக் கப்புகள் கழிவு என்று ரசூல் பாய் கடைக்குப் போயின. கொளஞ்சி வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து, மற்றவர்கள் பிசிறெடுத்த கப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அன்று ராத்திரி வீட்டில் கூழ்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒரு முட்ட தின்னா உசுரா போயிடும் உங்களுக்கு? கண்ணாடியில மூஞ்சப் பாருங்க, நம்ப ஃபேக்டரி கப்பு மாதிரி வெளுத்துக் கெடக்குது" என்றாள் அனுசியா.

"எங்கண்ணன் தின்னாரு. பாத்தேல்ல?"

"உங்கண்ணன் தின்னது புரோட்டா. நான் சொல்றது முட்ட."

"எல்லாம் ஒன்னுதான்."

"ஒன்னு இல்லீங்க" என்று அவள் சொன்னது குளியலறைக் கதவில் பட்டுத் திரும்பியது. அவர் உள்ளே போய்விட்டிருந்தார். சற்று நேரத்தில் வாளி உருளும் சத்தம் கேட்டது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்திருந்தார்.

காலையில் வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. அனுசியா வேறொரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கொளஞ்சியின் கதை முழுவதையும் கேட்டாள். அண்ணன் கால் வரைக்கும் கேட்டாள். பிறகு, "மரத்துப்போறது கால்ல மொதல்ல வந்துச்சா, கையிலயா?" என்றாள்.

"கையிலதாம்மா. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஒருத்தரும் காதுல வாங்கல."

"சுகர்னால வர்றது பொதுவா கால்ல ஆரம்பிக்கும். மொகம் கழுவக் கண்ண மூடுனா தள்ளாடுதா?"

கொளஞ்சி மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "பி பன்னெண்டுன்னு ஒரு சத்து. நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது வேணும். கறி, மீன், முட்ட, பால்லதான் இருக்குது. கீரையிலயும் கேவுருலயும் தேடுனாலும் கெடைக்காது. அதுக்கு மேல, நீங்க போடற சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா போட்டா அந்தச் சத்து உடம்புல சேர்றது கொறையும். ரெண்டும் ஒன்னா சேர்ந்துடுச்சு."

"அப்ப மாத்திரைய நிறுத்திடலாங்களா?"

"நிறுத்துனா உங்க அண்ணன் கததான். மாத்திரை போடுங்க, அதோட ஊசியும் போடுங்க, முட்ட, பால், மீனு சாப்பிடுங்க. புரோட்டா வேணாம்."

"விரலு திரும்ப வந்துடுமா?"

"மெதுவா வரும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கணும் நீங்க."

இந்தக் கடைசி வார்த்தைதான் கொளஞ்சியைக் குடைந்தது. யார் வரவில்லை? எந்த முகாமை விட்டார் அவர்? அண்ணன் எதையும் விடாமல் தின்று காலை இழந்தார். தம்பி எல்லாவற்றையும் விட்டுக் கையை இழக்க வேண்டுமா? பந்தி பந்தியாகச் சாப்பிடாமல் எழுந்து வந்ததும், ரம்ஜானுக்கு ரசூல் பாய் வீட்டிலிருந்து வந்த பிரியாணியின் மூடியைக்கூடத் திறக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததும் இதற்குத்தானா? யாரைத் திட்டுவது என்று தெரியாமல், வழியில் குறுக்கே வந்த ஆட்டோக்காரரைத் திட்டினார்.

முட்டை லேசில் உள்ளே போகவில்லை. முதல் நாள் அனுசியா உரித்துக் கொடுத்ததை வாயில் வைத்ததும் குமட்டியது. மறுநாள், "கொழந்தையா நானு?" என்று தானே உரித்தார். ஓட்டுத் துண்டு ஒட்டியிருந்தது விரலுக்குத் தெரியவில்லை, பல்லுக்குத் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஊசி போட்ட சில வாரத்தில் நாக்கு எரிச்சல் அடங்கியது, மூச்சிரைப்பு போனது. விரல் மரப்பு மட்டும் அசையவில்லை. உணவு இடைவேளையில் யாரும் இல்லாதபோது சூளைக்குப் போகாத பச்சைக் கப்பு ஒன்றை எடுத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. புரட்டாசியில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு வந்தது. நரம்பு முழிக்கிறது என்றாள் டாக்டரம்மா. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த முழிப்பு கொளஞ்சிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் ரசூல் பாய் கடையில் ஒதுங்கினார். பாய் கேட்காமலே பால் டீயைச் சர்க்கரை இல்லாமல் போட்டு வைத்தார், பக்கத்தில் அவித்த முட்டை ஒன்று.

"மேய்ஞ்ச ஆடு கோழியத் தின்ன வந்துடுச்சு."

"வாய வச்சிக்கினு சும்மா இரு பாய்."

கொளஞ்சி முட்டையை உரித்தார். வழக்கம்போலக் கட்டை விரல் வழுக்கிக்கொண்டு போனது. வாய்க்குக் கொண்டுபோகும்போது மோதிர விரலில் என்னவோ உறுத்தியது. நிறுத்திப் பார்த்தார். கடுகில் பாதி அளவுக்கு ஓட்டுத் துணுக்கு. எடுத்துப் போட்டார். மறுபடி தடவினார். இன்னொன்றும் கிடைத்தது.

"என்னாண்ணே, முட்ட கெட்டுப்போச்சா?"

"ஒன்னுமில்ல." அவர் குரல் கடுகடுத்தது. "வர்றதுதான் வருது, கட்ட வெரலுல வரக் கூடாதா? மோதிர வெரல வச்சிக்கினு எவன் பிசிறு எடுப்பான்?"

டீக் கப்பைத் தூக்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு மோதிர விரலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். பாதியில் நின்றது விரல். திரும்பப் போய் அதே இடத்தில் நின்றது.

"பாய், எவன் பண்ண கப்பு இது? தழும்பு பாரு, கயிறு மாதிரி ஓடுது. இத எப்பிடிச் சூளைக்கு வுட்டாங்க?"

ரசூல் பாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சித்திரையில தமிழ்மணி கழிவுன்னு ரெண்டு தட்டு குடுத்து வுட்டுச்சே, அதுல ஒன்னுண்ணே."

கொளஞ்சி விரலை அந்தக் கோட்டின் மேலிருந்து எடுக்காமலே மிச்ச டீயையும் குடித்து முடித்தார். பிறகு கப்பைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தமிழ்மணி வேலை முடிந்து கிளம்புவதற்குள் அவளைப் பிடித்து, விரல் கண்டுபிடித்ததைக் காட்டிவிட வேண்டுமென்று மழையில் இறங்கினார்.