புட்டுக்குழலில் ஒரு பனிமலை

வேலையிடத்துத் தோழிகளோடு சுவிஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போவதாக மகள் சொன்னபோது, ஒரே சொல்லில் மறுத்தேன். பனிச்சரிவில் ஆட்கள் புதைந்த செய்தியை அந்த வாரம்தான் பார்த்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் அவளுடைய குணம். ஒன்றைத் தொடங்கினால் பாதியில் விடமாட்டாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கணவரிடம் கேட்டால், என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஞாயிறு காலை இல்ஃபோர்ட் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். குழலிலிருந்து தள்ளிய புட்டு ஒன்றை மகள் தட்டில் நிமிர்த்தி வைத்தாள்.

"அம்மா, மலையில பனியும் இப்பிடி அடுக்கடுக்காத்தான் கிடக்கும். நாங்கள் முதல்ல குழி தோண்டி, பனியில ஒரு தூண் வெட்டி, மேல தட்டிப் பார்ப்பம்."

விரலால் தட்டினாள். தேங்காய்ப்பூ இருந்த இடத்தில் பிளந்து, மேல்பாதி வழுக்கி விழுந்தது.

"பனிக்குள்ள தேங்காய்ப்பூ ஆர் போட்டது?" என்றேன்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். குளிர்காலத் தொடக்கத்தில் மலையில் பனி கொஞ்சமாகத்தான் கிடக்கும். அடியில் நிலம் சற்றுச் சூடு, மேலே காற்று கடுங்குளிர். அடிப்பனியிலிருந்து நீராவி மெல்ல மேலேறி, வழியிலுள்ள பனிமணிகளில் உறையும். அவை சீனிபோலப் பருத்து, ஒன்றையொன்று பிடிக்காமல் உதிரியாகக் கிடக்கும். அதன்மேல் புதுப்பனி விழுந்து பலகையாக இறுகும். யாராவது ஏறினால் போதும், சீனி அடுக்கு நொறுங்கிப் பலகை முழுவதும் சரிந்துவிடும். தட்டும்போது தூண் விழுந்தால், அந்த அடுக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

"ஆவி ஏறினால் மா ஒட்டும். பனி மட்டும் ஏன் உதிருது?" நான் விடவில்லை.

"அங்க ஆவி தண்ணியாகாமல் நேரா ஐஸாகுது அம்மா. ஈரம் இல்லாட்டி எப்பிடி ஒட்டும்?"

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. எரிச்சலாக இருந்தது.

"தூண் விழுந்தால் என்ன செய்வாய்?"

"திரும்பி வருவம்."

நம்பவில்லை. ஆனாலும், மறித்தால் நிற்கிற பிள்ளை இல்லை என்று போக விட்டேன்.

அங்கிருந்து ஒரு மத்தியானம் அழைத்தாள். குரலில் உற்சாகமே இல்லை.

"தூண் விழுந்திட்டுது அம்மா. மற்ற ஆக்கள் போவம் எண்டு நிண்டவை. நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் திரும்பி வந்திட்டம். சரியான கவலையா இருக்கு."

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

"கவலைப்படாத பிள்ளை. அடுத்த வருசமும் போ," என்றேன்.

மகள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் சுகமாத்தானே இருக்கிறியள்?"