கண்மாய்ப் படகில் எஸ்தர் அம்மாள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, இராஜபாளையத்தில் என் வார்ப்படப் பட்டறையில் உலை பழுத்து இரும்பு இறங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் செல்லையா உள்ளே வந்தார். வழக்கமாக வாசலில் இருந்தே குரல் கொடுக்கிறவர். "அண்ணாச்சி, நர்ஸம்மா தவறிட்டாவ. விடியக்காலம் உசிரு போச்சாம். சாயங்காலம் அடக்கம்" என்றார். பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்ததால் அதற்குமேல் அவர் நிற்கவில்லை. உருகிய இரும்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. கடைசி அச்சுவரை ஊற்றி முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டேன். அன்று என்ன வார்த்தேன் என்பது இப்போது நினைவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த எஸ்தர் அம்மாளை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்மாயில் மோட்டார் படகு விட்ட எஸ்தர் அம்மாளைத்தான். உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. மழைக்காலத்தில் ஓடையும் பாதையும் ஒன்றாகிவிட்டால், கண்மாய்க்கு அக்கரையில் இருந்த ஊர்கள் தனித்துப்போகும். நோயாளிகள் கரையைச் சுற்றி வர ஒரு பகல் ஆகும். எஸ்தர் அம்மாள் தூத்துக்குடிக்குத் தாமே போய், ஒரு சிறிய படகையும் பழைய பெட்ரோல் என்ஜினையும் எப்படியோ கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகுதான் என் பட்டறைக்கு வந்தார். சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பித்தளைப் புரொப்பல்லரை மேஜைமேல் வைத்தார். அதன் மூன்று இலைகளில் ஒன்று உடைந்திருந்தது. "இதே மாதிரி ஒண்ணு வார்த்துத் தாங்க அண்ணாச்சி." நான் பம்புக்கும் பஞ்சு ஆலைக்கும் உருப்படிகள் வார்ப்பவன், படகுக் காத்தாடியை அதுவரை தொட்டதில்லை. அதையே சொன்னேன். "நானும் படகு விட்டதில்ல. ரெண்டு பேரும் சேந்து பழகுவோம்" என்றார்.

உடைந்ததைப் போலவே வார்த்த முதல் காத்தாடி சரிப்படவில்லை. அது துறைமுகத்தில் ஓடிய பெரிய படகுக்கு உரியது. காத்தாடி என்பது தண்ணீருக்குள் ஓடும் திருகாணி. இலைகளின் சாய்வு கூடினால், ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் தள்ளப் பார்க்கும்; அதற்கு வலு இல்லாத என்ஜின் திணறிப்போகும். எங்கள் என்ஜின் கரும்புகை கக்கியது. எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அதன் தகட்டில் பொறித்திருந்ததோ, அதில் முக்கால் பங்குகூட எட்டவில்லை. சாய்வைக் குறைத்து இரண்டாவது காத்தாடியை வார்த்தேன். செல்லையா அப்போது ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தார். அவரைப் படகோட்ட அழைத்து வந்தோம். படகு சீறிக்கொண்டு போயிற்று. சுற்றின் வேகமும் தகட்டில் சொன்னபடியே இருந்தது. கரையில் நின்ற எஸ்தர் அம்மாள், "போதும் அண்ணாச்சி. இனி மழை வரட்டும்" என்றார்.

மழை வந்தது. ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம், அக்கரையில் இருந்து பேச்சிமுத்து என்பவரின் மனைவியை ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. தலைப்பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. கட்டிலோடு கிடந்த பெண், அவள் தாய், கணவன், எஸ்தர் அம்மாள், செல்லையா. இத்தனை பாரத்தோடு அந்தப் படகு ஓடியது அதுவே முதல் தடவை. பாதிக் கண்மாயில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ள, என்ஜின் சுற்று இறங்கிக்கொண்டே போய், சூடேறி நின்றுவிட்டது. பேச்சிமுத்துவும் செல்லையாவும் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கரை தெரிகிற தூரத்தில் அந்தப் பெண்ணின் மூச்சு அடங்கியது. குழந்தையும் பிழைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எஸ்தர் அம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு பேச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனார். அவர் காற்றையும் மழையையும் காரணம் காட்டியிருக்கலாம். ஊரார் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. "தம்பி, வெறும் படகு ஓடினதப் பாத்து நான் போதும்னுட்டேன். ஆள ஏத்திப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு. ஒங்கிட்ட சொல்லாம என்னால வேலைக்குப் போக ஏலல" என்றார். பேச்சிமுத்து தலை நிமிரவில்லை. "இனி ஓட்டுவியளா?" என்று மட்டும் கேட்டார். "ஓட்டணும்" என்றார் எஸ்தர் அம்மாள். நாங்கள் திரும்பிவிட்டோம்.

சாய்வை இன்னும் குறைத்து மூன்றாவது காத்தாடியை வார்த்தேன். இலைகள் மூன்றும் ஒரே எடை வரும்வரை அரத்தால் ராவினேன். ஆலையில் இருந்து சுற்று எண்ணும் கருவியை மறுபடியும் இரவல் வாங்கிக்கொண்டு நான் கண்மாய்க்குப் போனபோது, பாரத்துக்காக மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து நான்கு ஆட்களோடு கரைமேல் வந்து நின்றார். "மூட்டைய எறக்குங்க. நாங்க உக்காருதோம்" என்றார். அவர் மனைவியின் கட்டில் இருந்த இடத்தில் போய் அவரே உட்கார்ந்துகொண்டார். எஸ்தர் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன்.

முழு விசையில் எதிர்க்காற்றில் விட்டோம். கருவியை என்ஜின் தண்டின் முனையில் வைத்துப் பார்த்தேன். தகட்டில் சொன்ன சுற்று நின்றது. கண்மாயை இரண்டு முறை கடந்தும் என்ஜின் சூடேறவில்லை. ஆனால் ஆட்களை இறக்கிவிட்டால் அதே காத்தாடியில் என்ஜின் அளவு மீறிச் சுற்றியது. செல்லையா அதைக் குறையாகச் சொன்னார். எஸ்தர் அம்மாள், "ஆள் இல்லாதப்ப நீ அடக்கி ஓட்டு. ஆள் இருக்கப்ப அது ஒன்ன அடக்கப்படாது" என்றார். அந்தப் பேச்சோடு காத்தாடி விவகாரம் முடிந்தது.

அன்றிலிருந்து மழைக்காலம்தோறும் பேச்சிமுத்து படகில் துணைக்குப் போனார். அந்தப் படகில் வந்த எத்தனையோ பேர் உயிரோடு கரை ஏறினார்கள். ஏறாதவர்களும் உண்டு, ஆனால் என்ஜின் நின்று யாரும் சாகவில்லை. சண்டை வந்து பெட்ரோல் கிடைப்பது அரிதானதும் படகு கரையேறியது. எஸ்தர் அம்மாள் பெட்ரோல் கூப்பனுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கிடைத்த சில காலன் பெட்ரோல் ஒரு மழைக்குக்கூடப் போதவில்லை. சண்டை முடிந்த பிறகும் நிலைமை மாறவில்லை. அதற்குள் படகின் அடிப்பலகையும் இற்றுப்போயிற்று. அவர் கரையைச் சுற்றி நடந்தே போய் வரலானார். இந்த மழையில் அக்கரை ஊர்களில் விஷக்காய்ச்சல் பரவியது. அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், காய்ச்சலோடுதான் திரும்பினார்.

நான் கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது மண் மூடியாகிவிட்டது. எல்லாரும் கலைந்த பிறகும் பேச்சிமுத்து மட்டும் நின்றுகொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "அவியளுக்கு நீச்சல் தெரியாது, தெரியுமா அண்ணாச்சி?" என்றார். எனக்குத் தெரியாது. "தண்ணின்னாலே பயம். படகு கெளம்பினா போதும், என் துண்டோட முனைய எடுத்துக் கையில சுத்திக்கிடுவாவ. கரை வந்தாத்தான் விடுவாவ. யாருட்டயும் சொல்லாதன்னாவ. இனிச் சொன்னா என்ன?"

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு கையால் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தத் துண்டின் முனையை இறுகச் சுற்றியபடி, ஒவ்வொரு மழைக்கும் அவர் அந்தத் தண்ணீரைக் கடந்திருக்கிறார். நான் கண்ணால் பார்க்காத அந்தக் கைகளைத்தான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன்.