பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு கண்ணாடி

எங்கள் கல்யாண ஆல்பத்தில் எந்தப் போட்டோவிலும் என் கால் தெரியாது. போட்டோக்காரர் என்னை ஒரு பலகை மேல் ஏற்றிவிட்டு இடுப்போடு வெட்டிவிட்டார். மனைவி என்னைவிட மூன்று விரற்கடை உயரம்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். அவள் கப்பலில் தேர்ட் ஆபீசர். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டில் பிறந்து கடலுக்குப் போனவள். முதன்முதலில் பார்த்தபோது பயிற்சியில் இருந்தாள். நான் இறக்கிய மூட்டையை எண்ணிவிட்டு, “ரெண்டு முட்டைக்கோஸ் குறையுது” என்றாள்.

“கடலுக்கு வந்தா எல்லாம் கொஞ்சம் குறையும்லா” என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். கடலில் எடை குறையாது, மிதப்பது வேறு விஷயம் என்று பத்து நிமிடம் விளக்கினாள். ஜோக்குக்கு விளக்கம் சொல்கிற ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொள்வேன் என்று நான் நினைத்ததே இல்லை. மாட்டிக்கொண்டேன்.

போன செப்டம்பரில் ஏழு மாதக் கான்ட்ராக்டில் கப்பலேறினாள். போவதற்கு முன் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். நம் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை மூன்றரையால் பெருக்கினால், அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் தொடுவானம்.

“அப்ப குட்டையா இருக்கவனுக்கு உலகமே சின்னதுதானா?”

“ஆமா. ஆனா கப்பலும் உயரமா இருக்குல்லா? உங்க தூரத்தையும் என் தூரத்தையும் கூட்டிக்கிடணும். ரெண்டும் சேந்தது வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் பாக்கலாம்.”

கல்யாணத்தைப் பற்றி இதைவிட நல்ல கணக்கை எவரும் எனக்குச் சொன்னதில்லை. அவளோ மணலைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

டிசம்பரில் அவள் கப்பல் எங்கள் ஊருக்கே வந்தது. வந்து வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக்குள் கட்ட ஒரு பெர்த் காலியாவதற்காக நின்றது. முத்தையாபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர். கட்டைவிரலை நீட்டினால் கப்பல் மறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு அப்புறம் பெண்டாட்டி நகக்கண் அளவில் ஊர் வந்திருந்தாள்.

“ஒரு பத்து கிலோ தக்காளியாவது ஆர்டர் போடச் சொல்லேன். படகு புடிச்சு வந்துருதேன்.”

“கேட்டுட்டேன். கொழும்புல வாங்குனதே கெடக்காம்.”

“முட்டைக்கோஸ்?”

“அதுவுந்தான்.”

ஆர்டர் இல்லாமல் படகுக்கு அனுமதி கிடையாது. கொழும்பு வியாபாரிகள் நாசமாய்ப் போக என்று மனதார வாழ்த்தினேன். மூன்றாம் நாள் மதியம் அவளே போன் செய்தாள். உத்தரவு மாறிவிட்டது. சரக்கு ஏற்றப் போவது காக்கிநாடாவில். காலையில் நங்கூரம் எடுத்துவிடுவார்கள்.



“பைனாகுலர்ல பாத்தா ஒரே தண்ணித் தொட்டியா தெரியுது. எது நம்ம வீடுன்னு தெரியல” என்றாள். “ஒரு கண்ணாடிய வச்சு வெயில என் பக்கம் திருப்பி விடுங்க. நீங்க இருக்க இடத்தையாவது பாத்துக்கிடுதேன்.”

நான் உடனே ஓடினேன். மணி நான்கு. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் வெயில் எதிர்வீட்டு அடுக்களைக்குள்தான் விழுந்தது. “எவம்ல அது, கண்ணுல அடிக்கது?” என்று உள்ளிருந்து ஒரு சத்தம். போனில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. காலைல பத்து மணிக்கு முந்தி காட்டுங்க. சூரியன் என் பக்கம் இருக்கும், நானும் மேல வாட்ச் ட்யூட்டில இருப்பேன். ரெண்டு விரல விரிச்சு நடுவுல கப்பல வச்சுக்கிட்டு, வெளிச்சம் விரல் மேல விழுதான்னு பாருங்க. இங்க வரும்போது அது தொண்ணூறு மீட்டர் அகலத்துக்கு விரியும், அவ்வளவுதான். கை நடுங்கக் கூடாது. ஷேவிங் கண்ணாடி போதும்.”

ஷேவிங் கண்ணாடி போதும் என்றாள். எனக்குத்தான் போதவில்லை. பெரிய கண்ணாடி என்றால் பெரிய வெளிச்சம். மூன்று மாத ஏக்கத்தை உள்ளங்கை அகலத்தில் காட்டுவதா? மறுநாள் காலை பீரோக் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். ஆளுயரம் என்றால் என் ஆளுயரம். அவளுக்கு அதில் நெற்றி தெரியாது.

இரண்டாம் மாடி திருப்பத்தில் வீட்டுக்கார அண்ணாச்சி மறித்தார்.

“ஏலே, சொல்லாம கொள்ளாம காலி பண்ணுதியா?”

“இல்ல அண்ணாச்சி, கண்ணாடிய வெயில்ல காய வைக்கலாம்னு...”

“கண்ணாடிய எவனாவது காயப்போடுவானால?”

அவர் சுவரை உரசாமல் தூக்குவது எப்படி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பாடம் நடத்தினார். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தொன்று. அவள் மெசேஜ்.

“பாத்துட்டேன்! மூணு தடவ மின்னிச்சு! நீங்கதானே?”

நான் இன்னும் இருட்டுப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பதில் எழுதினேன்.

“நாந்தான்.”

மேலே போனபோது கப்பல் திரும்பத் தொடங்கியிருந்தது. விரலை விரித்தேன், கண்ணாடியை ஆட்டினேன், கடலுக்கெல்லாம் வெளிச்சம் காட்டினேன். பதில் வரவில்லை. அவளுக்கு வேலை வந்திருக்கும்.

ராத்திரி மழை கழுவிய வானம். கப்பலின் அடி முதலில் தொடுவானத்துக்குக் கீழே இறங்கியது. பிறகு சரக்குக் கிரேன்கள். அவள் நிற்கும் வெள்ளை அறை மட்டும் மிச்சமிருந்தபோது நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். அவள் கணக்குப்படி அந்த உயரம் எனக்கு ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுத்தது. கப்பல் வேகத்துக்கு ஐந்து நிமிடம். என் வாழ்க்கையில் உயரத்தால் நான் அடைந்த ஒரே லாபம் அதுதான். அதற்குப் பிறகும், உயரமான தெர்மல் மின்நிலையப் புகைபோக்கி அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு புகைபோக்கி மேல் பொறாமைப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மின்னியது எது என்று இன்னும் தெரியவில்லை. பஸ் கண்ணாடியாக இருக்கலாம், யாரோ கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் குடமாக இருக்கலாம். இரண்டு மாதமாகப் பத்து மணி வாக்கில் மாடியில் நின்று அக்கம்பக்கத்துக் கூரைகளைத் துப்புத் துலக்குகிறேன். பிரயோஜனமில்லை. அந்த வெளிச்சம் போகிற திசையில் நிற்பவருக்குத்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அது அவளைத் தேடிப் போனது. என்னிடம் வரவில்லை.

போனில் அவள் அதைப் பற்றி எப்போதும் பேசுகிறாள். “அந்த மூணாவது மின்னல் கொஞ்ச நேரம் நின்னுச்சே, கை வலிச்சிருக்கும்லா?” என்று கேட்கிறாள். “லேசா” என்கிறேன்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கண்ணாடியைத் திரும்ப மாட்டியபோது மேல் திருகாணிகள் இரண்டும் காணவில்லை. அது நாலு விரல் கீழே சரிந்து நிற்கிறது. எனக்கே இப்போது நெற்றி தெரிவதில்லை. வந்து பையை வைத்ததும் அவள் தலைசீவ அங்கேதான் போவாள். குனிந்து பார்த்துவிட்டு, “ஷேவிங் கண்ணாடி போதும்னு சொன்னேன்லா, இத ஏன் கழத்துனீங்க?” என்று கேட்பாள்.

அதற்காகவே திருகாணி வாங்காமல் இருக்கிறேன்.